எங்கள் லைப்ரரியின் பில்டில் வார்னிங் ஃபிளாக்குகள் மாறுகின்றன: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் சி++ லைப்ரரியை மூல நிரலாக வாங்கி, உங்கள் கணினிகளில் நீங்களே பில்ட் செய்துகொள்கிறவர்களுக்காக, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறவர்களுக்காக, இந்த மடலை எழுதுகிறோம். அடுத்த பதிப்பிலிருந்து, எங்கள் பில்ட் கோப்புகளில் டபிள்யூ-எரர் என்ற ஃபிளாக் (கம்பைலருக்கு இடும் கட்டளைச் சொல்) இருக்காது. எந்த வார்னிங் வந்தாலும் அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு பில்டை அங்கேயே நிறுத்து என்று, மூல நிரலை இயந்திர நிரலாக மாற்றும் கம்பைலருக்குச் சொல்வது அந்த ஃபிளாக். கூடவே, இதுவரை எங்களிடமிருந்து உங்கள் நிரலுக்குள் வந்துகொண்டிருந்த மற்ற வார்னிங் ஃபிளாக்குகளும் இனி வராது.

தரத்தில் தளர்ந்துவிட்டோமோ என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. என்ன நடந்தது என்பதிலிருந்து சொல்கிறோம்.

ஒரு வாடிக்கையாளர் தன் கணினிகளில் ஜிசிசி கம்பைலரை 8-ஆம் பதிப்புக்கு உயர்த்தினார். எங்கள் லைப்ரரியின் பழைய வெளியீடு அதுவரை எந்தச் சிக்கலும் இல்லாமல் பில்ட் ஆகிக்கொண்டிருந்தது. கம்பைலர் மாறிய அன்று நின்றுபோனது. காரணம் இதுதான்: கன்ஸ்ட்ரக்டர் உள்ள ஒரு கிளாஸின் நினைவகத்தை நாங்கள் ஓரிடத்தில் மெம்செட் என்ற ஃபங்ஷன் கொண்டு பூஜ்யமாக்கியிருந்தோம். 2018-இல் வந்த ஜிசிசி 8, அப்படிச் செய்வதைச் சுட்டும் புதிய வார்னிங் ஒன்றை டபிள்யூ-ஆல் என்ற வார்னிங் தொகுப்பில் சேர்த்திருந்தது. லைப்ரரி அதற்கு முந்தைய நாள் வரை செய்த வேலையைத்தான் அன்றும் செய்திருக்கும். ஆனால் எங்கள் கோப்பில் டபிள்யூ-எரர் இருந்ததால் பில்ட் முடியவே இல்லை.

அங்கே பில்டைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் முதலில் முறையான வழியைத்தான் முயன்றார். டபிள்யூ-எரரை ரத்துசெய்யும் டபிள்யூ-நோ-எரர் ஃபிளாக்கைச் சூழல் மாறியில் கொடுத்தார். பலிக்கவில்லை. பில்டை நடத்தித் தரும் கருவியான சிமேக், கம்பைலருக்கான கட்டளை வரியை அமைக்கும்போது, வெளியிலிருந்து வரும் பொதுவான ஃபிளாக்குகளை முன்னால் வைத்து, டார்கெட்டுக்கென்று (பில்டில் உருவாகும் லைப்ரரி அல்லது நிரலுக்கென்று) எழுதியவற்றைப் பின்னால் வைக்கிறது. இந்த இரண்டு ஃபிளாக்குகளில் கடைசியாக வருவதுதான் செல்லும். அவர் சொன்ன "வேண்டாம்" முன்னால் போய்விட்டது. நாங்கள் எழுதிய "வேண்டும்" பின்னால் வந்து வென்றுவிட்டது. கடைசியில் அவர் எங்கள் கோப்பைத் திறந்து அந்த வரியைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. அடுத்த வெளியீட்டை இறக்கியபோது அந்த வரி திரும்ப வந்திருந்தது, மறுபடியும் நீக்கினார். அவருடைய மின்னஞ்சலில் கோபம் எதுவும் இல்லை, நடந்ததை வரிசையாக எழுதியிருந்தார். படித்ததும் எங்களுக்கு வருத்தமாக இருந்தது. வாடிக்கையாளர் தன் கணினியில் எடுத்த முடிவை எங்கள் கோப்பு மீறியிருக்கிறது. இந்தத் தவறு முழுக்க எங்களுடையது.

இது அந்த ஒரு வார்னிங்கோடு முடிகிற விஷயமும் இல்லை. டபிள்யூ-ஆல் என்ற பெயரைக் கேட்டால் எல்லா வார்னிங்குகளும் அதில் அடங்கும் என்றுதான் தோன்றும். ஜிசிசியிலும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் அப்படி இல்லை. பொதுவாகப் பயன்படும் என்று கம்பைலரை எழுதியவர்கள் கருதும் ஒரு தொகுப்பு அது. அதற்கு மேல் டபிள்யூ-எக்ஸ்ட்ரா இருக்கிறது. அதிலும் சேராமல் தனித்தனியாகக் கேட்டால் மட்டுமே வருபவை பல. கிளாங்கில் உண்மையிலேயே எல்லாவற்றையும் இயக்கும் ஃபிளாக்கின் பெயர் டபிள்யூ-எவ்ரிதிங். மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலோ டபிள்யூ-ஆல் என்றால் நிஜமாகவே எல்லாம்தான்; வழக்கமாக அணைந்திருக்கும் வார்னிங்குகளும் சேர்ந்து கொட்டும். அங்கே அன்றாட வேலைக்கு ஏற்றது டபிள்யூ 4 என்ற நிலை. ஒரே பெயர், இரண்டு பொருள். ஒரு கம்பைலருக்கான ஃபிளாக் பட்டியலை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிப் போடக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இந்தத் தொகுப்புகள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2017-இல் ஜிசிசி 7, சுவிட்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்குள் விழும் இடங்களைச் சுட்டும் வார்னிங்கை டபிள்யூ-எக்ஸ்ட்ராவில் சேர்த்தது. 8-ஐப் பற்றி மேலே சொன்னோம். 2024-இல் வந்த ஜிசிசி 14 இன்னும் ஒரு படி மேலே போய், சி மொழியில் அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது போன்ற சில பழைய பழக்கங்களை நேரடியாகப் பிழையாகவே ஆக்கிவிட்டது. ஆக, டபிள்யூ-ஆலையும் டபிள்யூ-எரரையும் சேர்த்து எழுதி ஒரு வெளியீட்டை அனுப்புகிறோம் என்றால், இன்னும் பிறக்காத கம்பைலர் நாளைக்கு எதைச் சொன்னாலும் அதற்காக உங்கள் பில்ட் நிற்கட்டும் என்று நாங்கள் இன்றே எழுதிக் கொடுக்கிறோம் என்று பொருள். உங்கள் சார்பில் அப்படி எழுதிக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

பெரிய திட்டங்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கின்றன. லினக்ஸ் கர்னலில் 2021 செப்டம்பரில், 5.15 பதிப்புக்கான வேலையின்போது, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் டபிள்யூ-எரரை எல்லா பில்டுகளுக்கும் இயல்பாகவே இயங்கும்படி வைத்தார். சில நாட்களிலேயே அது சோதனைக்காகச் செய்யும் பில்டுகளில் மட்டும் இயல்பாக இயங்கும்படி மாற்றப்பட்டது. விருப்பம் இருக்கிறவர் இன்றும் அதை இயக்கிக்கொள்ளலாம். அந்த ஏற்பாடு எங்களுக்குச் சரியாகப் படுகிறது. நாங்களும் ஏறக்குறைய அதையே செய்யப்போகிறோம்.

எங்கள் பட்டறைக்குள் எதுவும் தளரவில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் என்று மூன்று கம்பைலர்களிலும் டபிள்யூ-எரரோடுதான் பில்ட் ஆகிறது. ஒரு வார்னிங் இருந்தாலும் அந்த மாற்றம் உள்ளே போகாது. பிழை தேடுவதற்கான டீபக் பில்ட், நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனோடு செய்யும் ரிலீஸ் பில்ட் இரண்டையும் ஓட்டுகிறோம். ஒரு மாறிக்கு மதிப்புத் தராமலே அதைப் பயன்படுத்துகிறீர்களோ என்று சந்தேகப்படும் ஜிசிசி வார்னிங், ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டில் வாயே திறக்காது. நிரல் எந்த வழியில் ஓடும் என்று அலசினால்தான் அதற்குத் தெரியும். அந்த அலசல் ஆப்டிமைசேஷனோடு சேர்ந்தே நடக்கிறது. டீபக்கில் சுத்தமாக இருந்த நிரல் ரிலீஸில் வார்னிங் கொடுத்தால் திகைக்க வேண்டாம், அது இயல்புதான்.

வார்னிங்குகளை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு 2014 பிப்ரவரியில் வெளியே வந்த ஆப்பிள் நிரல் பிழையை நினைவுபடுத்தலாம். பாதுகாப்பான இணைப்புக்கான அந்த நிரலில் "கோட்டூ ஃபெயில்" என்ற ஒரு வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படவில்லை. அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சோதனை ஒருபோதும் ஓடவில்லை. எட்டவே முடியாத நிரல் வரிகளைச் சுட்டும் வார்னிங் கிளாங்கில் அப்போதே இருந்தது, ஆனால் டபிள்யூ-ஆலில் இல்லை. தனியாகக் கேட்டால்தான் வரும். பிறகு 2016-இல் ஜிசிசி 6, ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டும் வார்னிங்கை டபிள்யூ-ஆலிலேயே சேர்த்தது. எங்கள் பட்டியலில் இந்த இரண்டும் உண்டு.

அதே சமயம், வார்னிங்கை எப்படியாவது வாயடைத்தால் போதும் என்ற அவசரமும் ஆபத்துதான். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில், குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் நிரலை ஆய்வுக் கருவி ஒன்று குறை சொன்னது என்பதற்காக, அது சுட்டிய வரிகளை நீக்கினார்கள். அதோடு சேர்ந்து, குறியாக்கச் சாவிகளுக்குத் தேவையான தற்போக்குத்தன்மையும் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. ப்ராசஸ் எண் மட்டுமே மிஞ்சியது. விஷயம் வெளியே வந்தது 2008 மே மாதத்தில். அது கம்பைலர் வார்னிங் அல்ல, வேறு வகைக் கருவியின் குரல். ஆனாலும் நாங்கள் ஒரு வார்னிங்கை அணைக்கும்போதெல்லாம் அந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்திருக்கிறோம். அணைத்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சில வரிகளைச் சுற்றி மட்டும், நிரலுக்குள்ளேயே கம்பைலருக்கு இடும் கட்டளையான பிராக்மா போட்டு அணைக்கிறோம். ஏன் அணைத்தோம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதுகிறோம். பில்ட் கோப்பில் மொத்தமாக அணைப்பதில்லை.

சரி, உங்களுக்கு என்ன மாறும் என்று பார்ப்போம்.

சிமேக்கில் ஒரு டார்கெட்டுக்கு ஃபிளாக் சேர்க்கும்போது பிரைவேட் என்று எழுதினால் அது அந்த லைப்ரரியோடு நின்றுவிடும். பப்ளிக் என்று எழுதினால் அதோடு இணையும் எல்லாருக்கும் போய்ச் சேரும். நாங்கள் பழைய கோப்பில் பப்ளிக் என்று எழுதியிருந்தோம். எங்கள் லைப்ரரியை இணைத்த ஒரே காரணத்துக்காக உங்கள் சொந்த நிரலில் எண் வகை மாற்றம் பற்றிய வார்னிங்குகள் நூற்றுக்கணக்கில் வந்திருந்தால், அதற்கு இதுதான் காரணம். உங்கள் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. இனி எல்லாம் பிரைவேட். அதுவும் எங்கள் லைப்ரரியைத் தனியாக, முதன்மைத் திட்டமாக பில்ட் செய்யும்போது மட்டும். உங்கள் திட்டத்துக்குள் ஒரு துணை அடைவாக அதைச் சேர்த்தால் எங்கள் வார்னிங் ஃபிளாக் ஒன்றுகூட இயங்காது. டபிள்யூ-எரர் எங்கள் டெவலப்பர் பிரிசெட்டுக்குள் (எங்கள் குழுவுக்கென்று முன்பே எழுதிவைத்த பில்ட் அமைப்புகளுக்குள்) போய்விடுகிறது. அந்த பிரிசெட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய அது தலைகாட்டாது.

உங்கள் நிரல் உள்ளே சேர்த்துக்கொள்ளும் எங்கள் ஹெடர் கோப்புகள் மட்டும் வேறு கதை. அவை உங்கள் நிரலோடு சேர்ந்து, உங்கள் ஃபிளாக்குகளோடு கம்பைல் ஆகின்றன. எங்கள் ஹெடரில் உள்ள குறை உங்கள் திரையில் வார்னிங்காக வரும். நிறுவிய பிறகு ஃபைண்ட்-பேக்கேஜ் என்ற சிமேக் கட்டளை வழியாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. அப்படி வரும் லைப்ரரிகளின் ஹெடர்களை சிமேக் இயல்பாகவே சிஸ்டம் ஹெடர்களாகக் கருதுகிறது. கம்பைலர் அவற்றில் வரும் வார்னிங்குகளைச் சொல்லாமல் விட்டுவிடும். துணை அடைவாகச் சேர்க்கிறவர்களுக்கு அந்த வசதி தானாக வராது. சிமேக் 3.25 அல்லது அதற்குப் பிந்தையது உங்களிடம் இருந்தால், சேர்க்கும் கட்டளையிலேயே சிஸ்டம் என்ற சொல்லைக் கொடுக்கலாம். அதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் கைகழுவப் போவதில்லை. எங்கள் ஹெடர்கள் டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, டபிள்யூ-கன்வெர்ஷன், டபிள்யூ-ஷேடோ ஆகியவற்றோடு வார்னிங் இல்லாமல் கம்பைல் ஆக வேண்டும் என்பதை வெளியீட்டுக்கு முந்தைய சோதனையாகவே வைத்திருக்கிறோம். பிறர் லைப்ரரியிலிருந்து வரும் வார்னிங்குகளைத் தினமும் தள்ளித் தள்ளிப் பழகிய கண், ஒருநாள் தன் நிரலில் வரும் முக்கியமான ஒன்றையும் தள்ளிவிடும். அதற்கு எங்கள் ஹெடர் காரணமாகக் கூடாது.

டபிள்யூ-எரர் உங்களுக்கு வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சிமேக் 3.24-இலிருந்து அதற்கென்றே "கம்பைல் வார்னிங் ஆஸ் எரர்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கம்பைலருக்கு ஏற்ற ஃபிளாக்கை சிமேக்கே போட்டுக்கொள்ளும். அதை மாறியாக வைத்தால் அதற்குப் பின் உருவாகும் எல்லா டார்கெட்டுகளுக்கும் போகும், துணை அடைவில் உள்ள எங்களுடையது உட்பட. உங்கள் நிரலுக்கு மட்டும் போதும் என்றால், உங்கள் டார்கெட்டின் பண்பாக வையுங்கள். தற்காலிகமாக அணைக்க, கான்ஃபிகர் செய்யும் கட்டளையில் "கம்பைல் நோ வார்னிங் ஆஸ் எரர்" என்று கொடுத்தால் போதும், எந்தக் கோப்பையும் தொட வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட வார்னிங் மட்டும் பில்டை நிறுத்த வேண்டாம் என்றால், டபிள்யூ-நோ-எரருக்குப் பின் சமக்குறியிட்டு அதன் பெயரைச் சொல்லலாம். வார்னிங் திரையில் வரும், பில்டும் முடியும். இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவைத்த ஃபங்ஷன்களைப் பற்றிய வார்னிங்குக்கு இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறோம்.

வார்னிங்கை அணைக்கும் ஃபிளாக்கை எப்போதும் டபிள்யூ-ஆலுக்குப் பிறகு எழுதுங்கள். ஜிசிசியில் எந்த வரிசையில் எழுதினாலும் குறிப்பான ஃபிளாக் பொதுவானதை வென்றுவிடும். கிளாங்கில் வரிசைதான் கணக்கு. பின்னால் வரும் டபிள்யூ-ஆல், நீங்கள் முன்னால் அணைத்ததைத் திரும்ப இயக்கிவிடும்.

சிமேக்குக்குப் பதில் ஆட்டோகான்ஃப் என்ற கருவி வழியாக பில்ட் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். டபிள்யூ-எரரை, கம்பைலர் ஃபிளாக்குகளுக்கான மாறியான சிஃபிளாக்ஸில் போட்டு கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். கான்ஃபிகர் செய்வது சின்னச் சின்னச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்ப்பது. அந்த நிரல்களில் பலவற்றுக்கு வார்னிங் வரக்கூடும். டபிள்யூ-எரர் இருந்தால் அப்படி வார்னிங் வருபவை தோற்றுவிடும்; உங்கள் கணினியில் இருக்கிற ஒரு வசதியை "இல்லை" என்று கான்ஃபிகர் எழுதிவைத்துவிடும். பில்ட் எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்துவிடும், மெதுவான மாற்று வழியில் ஓடும் லைப்ரரி உங்கள் கையில் இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம், பட்டுத்தான் சொல்கிறோம். அதற்குப் பின் பில்ட் செய்யும் மேக் கட்டளையை ஓட்டும்போது மட்டும் அந்த ஃபிளாக்கைக் கொடுங்கள்.

ஒரு ஃபிளாக்கைக் கம்பைலர் ஏற்கிறதா என்று நீங்களே சோதித்துப் பார்ப்பவராக இருந்தால், இதையும் கவனியுங்கள். டபிள்யூ-நோ என்று தொடங்கும், தனக்குத் தெரியாத பெயரை ஜிசிசி சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். வேறு ஏதாவது வார்னிங்கோ பிழையோ வரும்போதுதான் அதையும் சேர்த்துச் சொல்லும். அதனால் நோ இல்லாத வடிவத்தைச் சோதியுங்கள். கிளாங், தெரியாத வார்னிங் ஃபிளாக்குக்கு வெறும் வார்னிங் மட்டுமே தரும். ஆகவே இந்த ஒரு சோதனைக்கு மட்டும் டபிள்யூ-எரர் சேர்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

எங்கள் கோப்பைக் கையால் திருத்தி வைத்திருக்கிறவர்கள், புதிய பதிப்பை இறக்கியதும் அந்தத் திருத்தங்களை விட்டுவிடலாம். முதல் பில்டுக்கு முன் பழைய பில்ட் அடைவை முழுக்க நீக்கிவிடுங்கள். சிமேக்கின் கேஷில் பழைய ஃபிளாக்குகள் தங்கியிருக்கும். அதற்குப் பிறகும் எங்கள் ஹெடரிலிருந்து ஏதாவது வார்னிங் வந்தால், எவ்வளவு சிறியதானாலும் எழுதுங்கள். கம்பைலரின் பெயரும் பதிப்பு எண்ணும், கட்டளைகளை முழுக்கக் காட்டும் வெர்போஸ் பில்டில் அந்தக் கோப்புக்கு வந்த முழுக் கட்டளை வரியும், வார்னிங்கின் முதல் சில வரிகளும் இருந்தால் எங்கள் பட்டறையில் அதை அப்படியே வரவழைத்துப் பார்க்க முடியும்.

அன்புடன்,
லைப்ரரியை எழுதிப் பராமரிக்கும் குழுவினர்