ஜெல்லின் அடியில் தெரிந்த அந்தப் பட்டை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகள் உயிரியல் எடுத்துப் படிக்கப் போகிறாள் என்று படித்ததும் அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஆனால் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டிஆர்என்ஏ, அதன் துண்டுகளைப் பற்றி இப்போது இவ்வளவு பேசுகிறார்களே, அதெல்லாம் வெறும் சிதைவுதானே, நாம் பார்க்காததா என்று கேட்டிருந்தாய்.

பார்த்தோம். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. செல்களுக்குச் சூடு கொடுத்து ஆர்என்ஏ எடுத்தோமே, அப்போது ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், டிஆர்என்ஏவுக்கும் கீழே, அதாவது அதைவிடக் குட்டையானவை வந்து நிற்கும் இடத்தில், ஒரு மங்கலான பட்டை தெரிந்தது உனக்கு நினைவிருக்கும். சூடு கொடுக்காத மாதிரிகளில் அது இல்லை. ஆர்என்ஏ கெட்டுப்போய்விட்டது, கை சுத்தமில்லை, மறுபடி எடு என்றார்கள். நாமும் நம்பிவிட்டோம். கை சுத்தமில்லை என்றால் எல்லா மாதிரியும்தானே கெட்டிருக்க வேண்டும்?

டிஆர்என்ஏவின் நீளம் சுமார் 70 முதல் 90 நியூக்ளியோடைடு, அதாவது அத்தனை எழுத்து. செல்லுக்கு நெருக்கடி வந்தால், அதாவது சூடோ ஆர்சனைட் மாதிரி நஞ்சோ தாக்கினால், ஆஞ்சியோஜெனின் என்ற நொதி, தன்னைத் தடுத்து வைத்திருக்கும் புரதத்திடமிருந்து விடுபட்டு, டிஆர்என்ஏவை ஆன்டிகோடான் வளையத்தில், அதாவது தூது ஆர்என்ஏவின் குறியீட்டைப் படிக்கும் நடுப்பகுதியில், வெட்டுகிறது. கிடைப்பது 30 முதல் 40 வரை நீளமுள்ள இரண்டு பாதிகள். சிதைவு என்றால் கண்ட இடத்தில் உடைய வேண்டும், இது குறித்த இடத்தில் வெட்டுப்படுகிறது. அதோடு மொத்த டிஆர்என்ஏவில் சிறு பங்குதான் வெட்டுப்படுகிறது, அதனால் புரத உற்பத்திக்கு டிஆர்என்ஏ தட்டுப்பாடு வந்துவிடாது. அப்படியானால் காரியம் செய்வது துண்டுதான் என்று ஒரு சந்தேகம் எழும் இல்லையா, அதை 2011இல் நேரடியாகவே சோதித்தார்கள். அலனின், சிஸ்டைன் டிஆர்என்ஏக்களின் முன்பாதியைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தால் புரத உற்பத்தி குறைகிறது. அந்தப் பாதியின் தொடக்கத்தில் வரிசையாக நாலைந்து குவானின் (G எழுத்து) இருக்கிறது, அதுதான் முக்கியம். புரதத்துக்கான செய்தியைக் கொண்டுவரும் தூது ஆர்என்ஏவின் தலைப்பகுதியில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பைத் தொடங்கிவைக்கும் புரதக் கூட்டத்தை அது கழற்றிவிடுகிறது. பின்பாதிகளுக்கு அந்தத் திறன் இல்லை.

சரி, துண்டு என்றாலே புரதத்தைக் குறைக்கும் என்று முடிவு கட்டிவிடாதே. லியூசின் டிஆர்என்ஏவின் பின்முனையிலிருந்து வரும் 22 எழுத்துத் துண்டு ஒன்று இதற்கு நேர்மாறு. புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் ஒரு புரதத்துக்கான தூது ஆர்என்ஏவில் ஒட்டி, அதன் மடிப்பைப் பிரித்துவிட்டு, அந்தப் புரதம் கூடுதலாக உருவாக உதவுகிறது. அதைத் தடுத்தால் செல்லில் ரைபோசோம் குறைந்து செல் செத்துப்போகிறது, எலிகளில் கல்லீரல் புற்றுக்கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. இது 2017இல் வந்த ஆய்வு. அதனால் "டிஆர்என்ஏ துண்டுகள் என்ன செய்கின்றன" என்று மொத்தமாகக் கேட்பதே தவறு என்று நினைக்கிறேன். எந்தத் துண்டு, எந்தச் செல்லில், எதில் போய் ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. மரபணுத்தொகுதிக்குள் தன்னைத்தானே நகலெடுத்துத் தாவும் ரெட்ரோடிரான்ஸ்போசான்களில் ஒரு வகை, நகலெடுக்கத் தொடங்குவதற்கு செல்லின் டிஆர்என்ஏவையே பயன்படுத்திக்கொள்கிறது, அதன் பின்முனை வந்து ஒட்டுவதற்கென்றே ஓரிடம் வைத்திருக்கிறது. அதே பின்முனையிலிருந்து வரும் 18 எழுத்துத் துண்டு நகலெடுப்பதையே தடுத்துவிடுகிறது என்று எலியின் ஸ்டெம் செல்களில் காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் 2019இல் சோயா வேர்! வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவின் டிஆர்என்ஏ துண்டுகள், சிறு ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு மரபணுக்களை அடக்கும் செடியின் ஆர்கோநாட் புரதத்துக்குள் போய் அமர்ந்து, வேர்முடிச்சு உருவாவதைக் கட்டுப்படுத்தும் செடியின் மரபணுக்களை அடக்குகின்றன. ஒரு உயிரின் துண்டு இன்னொரு உயிரின் கருவிக்குள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறது, மாலதி.

விந்தணு பற்றியும் கேட்டிருந்தாய். கொழுப்பு மிகுந்த உணவு தின்ற ஆண் எலியின் விந்திலிருந்து இந்தத் துண்டுகளை மட்டும் பிரித்துக் கருவுற்ற முட்டையில் செலுத்தியபோது குட்டிகளுக்கு வளர்சிதை மாற்றத்தில் கோளாறு வந்தது, அது 2016இல். ஆனால் அது எலி. மனிதர்களுக்கும் அப்படியே என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, பெற்றோரைப் பயமுறுத்தும் விதமாகச் செய்தி போடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

எண்ணிக்கைகளை நம்புவதிலும் கவனம் வேண்டும். டிஆர்என்ஏவில் மெத்தில் ஒட்டிய எழுத்துகள் ஏராளம், வரிசைப்படுத்தும்போது நொதி அங்கே தடுக்கி நின்றுவிடும். வெட்டுப்பட்ட முனையோ, வரிசைப்படுத்துவதற்காக ஒட்டும் சிறு இணைப்புத் துண்டான அடாப்டரை ஏற்காது. அதனால் வழக்கமான முறையில் பல துண்டுகள் கண்ணிலேயே படாது. முதலில் நொதிகளைக் கொண்டு மெத்திலை நீக்கி, முனையையும் சரிசெய்துவிட்டுத்தான் எண்ண வேண்டும், அதைச் செய்யாத ஆய்வு என்றால் நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிக்கிறேன்.

நம் பழைய ஆய்வக நோட்டு உன்னிடம்தான் இருக்க வேண்டும். அந்தச் சூடு கொடுத்த ஜெல்களின் படங்களை அதில் ஒட்டியிருந்தோம். ஜெல்லில் பக்கத்திலேயே நீளம் தெரிந்த துண்டுகளையும் அளவுக்கோடாக ஓடவிட்டிருந்தோம் என்று ஞாபகம். படம் எடுத்து அனுப்பு. அந்தப் பட்டை 35 நியூக்ளியோடைடுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று நான் பார்த்தாக வேண்டும்.

அன்புடன்,
கவிதா