டின் மீனைப் பற்றி நீ கேட்டதற்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் தவம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து ஆறுதலடைந்தோம். இங்கே வாடை ஓய்ந்து கடல் அடங்கி வருகிறது, எல்லோரும் சுகம்.

புகுஷிமா அணு உலை வளாகத்திலிருந்து 2023 ஓகஸ்ட் முதல் பசுபிக்கில் விடப்படும் தண்ணீருக்கு அஞ்சி, வெள்ளவத்தை வீட்டில் டின் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சுத்திகரித்த பின்னும் அத்தண்ணீரில் எஞ்சுவது பெரும்பாலும் திரித்தியம் என்ற கதிர்வீசும் ஐதரசன். அதை லீற்றருக்கு 1500 பெக்கரலுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே வரும்படி ஐதாக்கித்தான் விடுகிறார்கள். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவோ 10,000. ஆகவே தாராளமாக வாங்கச் சொல். மீன் உண்பவருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் பெரும்பங்கு மீனில் இயற்கையாகவே உள்ள பொலோனியம்-210 என்ற கதிர்வீசும் மூலகத்திலிருந்து வருவது. அது நம் பாட்டன்மார் காலத்திலும் இருந்தது.

இவற்றை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது, கடலை அளக்கும் கலையைச் சிலர் பாடுபட்டு வளர்த்ததனால்தான். பேராதனையில் நாம் இரசாயனம் படித்தபோது கட்சுகோ சருஹாஷி என்ற யப்பானிய இரசாயனவியலாளரின் பெயரை யாரும் சொல்லவில்லை. கடல்நீரில் கதிர்வீச்சை அளக்கும் இத்துறைக்கு வந்த பின்புதான் நான் அறிந்தேன். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், யப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்த 23 பேர் மீதும் கொட்டியது. படகின் வானொலித் தொடர்பாளர் அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். அதன்பின், அணுவெடிப்பில் உண்டாகிக் கடல்நீரில் கலந்த கதிர்வீசும் சீசியத்தையும் துரொந்தியத்தையும் அளக்கும் பொறுப்பு, பேராசான் மியாகேயின் கீழ் பணியாற்றிய சருஹாஷியிடம் வந்தது. கடலில் கரைந்துள்ள காபொனிக்கமிலத்தைக் கணிக்க அவர் 1955இல் வெளியிட்ட அட்டவணை, கணினிகள் பரவும்வரை சமுத்திரவியலாளர் கையில் இருந்தது. 1957இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற்பெண்ணும் அவரே.

அமெரிக்க மேற்குக் கரையைவிட யப்பானிய நீரில் சீசியம் கூடுதலாக இருப்பதாக அவர் காட்டியதும், பகுப்பாய்வில் பிழை என்று அமெரிக்க நிபுணர் சிலர் ஐயுற்றனர். 1962இல் அவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனத்துக்கே போய், அங்கிருந்த தியோடர் போல்சத்தின் முறையோடு தன் முறையை வைத்து ஒப்பிட்டார். பெறுபேறுகள் நெருங்கிப் பொருந்தின. மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். அடுத்த ஆண்டு வளிமண்டலத்திலும் கடலிலும் அணுச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவரால்தான் அது வந்தது என்பது மிகை. என்றாலும் எதிர்த்தரப்பின் மேசையிலேயே தன் எண்களை நிலைநாட்டிய அந்த நிதானத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அந்த வேலையின் கடினம் உனக்குப் புரியும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 12 பெக்கரல் பொற்றாசியம்-40 இயற்கையாகவே உண்டு. சீசியம்-137 இன்றைய திறந்த கடலில் ஆயிரம் லீற்றருக்கு ஒன்றிரண்டு பெக்கரல்தான். இரண்டும் ஒரே கூட்ட மூலகங்கள் என்பதால் பிரிப்பதும் இலேசல்ல. கொட்டியாரக் குடாவில் வள்ளத்திலிருந்து கான் கானாக அள்ளி, அமிலம் விட்டு மூடிக் கொண்டுவருவோம். அமொனியம் பொசுபோமொலிப்டேற்று என்ற மஞ்சள் தூளைக் கலக்கி விட்டால் சீசியம் அதில் ஒட்டி இரவோடு அடியில் படியும். மேல்நீரை வடித்து, அந்த மஞ்சள் சேற்றை உலர்த்தி, ஈயக் கட்டிகளுக்குள் இருக்கும் கருவியில் ஒரு நாளுக்கு மேல் வைத்துக் கதிர்வீச்சை எண்ண வேண்டும். "உந்தத் தண்ணியக் கொண்டுபோய் என்ன செய்யப் போறியள் ஐயா?" என்று வள்ளக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார், என் விடை அவரை ஒருநாளும் திருப்திப்படுத்தவில்லை.

மகாவலி கொண்டுவந்து கொட்டும் சேற்றின் வயதைக் காணும் வேலை எனக்கு இன்னும் பிடித்தமானது. குளிர்நாடுகளில், அணுச் சோதனைத் தூசி உச்சமாக விழுந்த 1963ஆம் ஆண்டின் சீசியப் படலம் சேற்றில் தெளிவாகத் தெரியும். மத்தியகோட்டுக்கு அருகில் அணுத்தூசி குறைவாகவே விழுந்ததால் இங்கே அது மங்கல். 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட, அதாவது அக்காலத்தில் பாதியாகத் தேயும், ஈயம்-210 என்ற கதிர்வீசும் ஈயத்தைத்தான் நாம் பெரிதும் நம்ப வேண்டும்.

எனக்குள்ள கவலை யப்பானைப் பற்றியதன்று. 2013 முதல் மின்சாரம் தரும் கூடங்குளம் நமக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒன்றும் நடக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் நேற்றைய அளவு கையில் இல்லாதவன் நாளைக்கு எதனோடு ஒப்பிடுவான்? ஒருமுறை அளந்து கோப்பில் வைத்தால் போதாது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் அளக்க வேண்டும். இதற்குப் பணம் கேட்டால் "விபத்து ஏதும் நடக்கவில்லையே" என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சித்திரைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கால் இடங்கொடுத்தால் புல்மோட்டைப் பக்கம் போய்வருவோம். அங்குள்ள கரு மணலில் இல்மனைற்று என்ற கனிமத்தோடு, கதிர்வீசும் தோரியம் கொண்ட மொனசைற்றும் சிறிதளவு கலந்திருக்கிறது; கதிர்வீச்சைக் காட்டும் என் பழைய கைகர் கருவி இன்னும் வேலை செய்கிறது, அதையும் எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
இராசா