ரொக் கச்சேரிக்குப் பிள்ளையை விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு தாயார், தன் 16 வயது மகன் ‘ப்ரோக்ரெஸிவ் ரொக்’ (நீண்ட பாட்டுகளாகப் போடும் ஒரு வகை ரொக் இசை) கச்சேரிக்குப் போக அடம்பிடிக்கிறான், ஒரு பாட்டே 20 நிமிடம் இழுக்கிறது, கேட்டால் தலை இடிக்கிறது, விடலாமா என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொன்ன பெரியவர், போதைக்காரர் கூடும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் அப்படி ஒரு கச்சேரியின் வாசலைக்கூட மிதித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நான் மிதித்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம்.

1981 ஜூன் நடுப்பகுதி. லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மண்டபத்தில் அந்த வகை இசைக்குப் பெயர்போன பிங்க் ஃப்ளோயிட் என்ற ஆங்கிலேயக் குழுவின் ‘த வோல்’ (சுவர்) நிகழ்ச்சி. எனக்கு அப்போது 22 வயது. பல்கலைக்கழக அனுமதிக்கு இலங்கை அரசு கொண்டுவந்த தரப்படுத்தல் முறையால் ஊரில் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போக, அப்பா தோட்டக் காணியில் ஒரு துண்டை விற்று என்னை இங்கே அனுப்பியிருந்தார். பகலில் கணக்கியல் வகுப்பு, இரவில் பெற்றோல் செற்றில் காசு வாங்கிப் போடும் வேலை. அந்தக் காலத்தில் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் பலருக்கும் இதே கதைதான். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன், ஒரு ரிக்கற் மிஞ்சிக் கிடக்கிறது, வா என்றான்.

எங்கும் போகிற மனநிலையில் நான் இல்லை. மே 31 இரவுதான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். 97,000 அளவில் புத்தகங்கள், ஓலைச்சுவடிகள், எல்லாம் சாம்பல். பள்ளிக்கூடம் விட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேப்பர் பார்க்கப் போய் உட்கார்ந்த இடம் அது. எங்கள் அறையில் அந்த நாட்களில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அறையில் மூத்தவரான அண்ணை ஒருவர்தான், “போட்டு வா தம்பி, இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாய்” என்று துரத்திவிட்டார். போகும்போது மீன் பற்றிஸ் நாலைப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். முதலில் மேடைக்கு வந்தவர்கள் பிங்க் ஃப்ளோயிட்காரர்களே அல்ல. அவர்களுடைய முகத்தை அச்சடித்தாற்போல் முகமூடி போட்ட வேறு ஆட்கள். கூட்டம் அது தெரியாமல் ஆர்ப்பரித்தது. முதல் பாட்டு முடிகிற நேரம் மண்டபத்தின் பின்பக்கமிருந்து கம்பியில் ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வந்து மேடையில் மோதி வெடித்தது. நான் கதிரையோடு குனிந்துவிட்டேன். கூட வந்தவன் சிரித்தான். சத்தம் மேடையிலிருந்து மட்டும் வரவில்லை, முதுகுக்குப் பின்னாலும் பக்கத்திலும் இருந்தும் வந்தது. ஹெலிகொப்டர் சத்தம் மண்டபத்தைச் சுற்றி வந்தபோது ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் அண்ணாந்தன.

அப்புறம் தொடங்கியது சுவர் வேலை. அவர்கள் பாடப் பாட, வேலையாட்கள் வெள்ளை நிற அட்டைக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மேடைக்குக் குறுக்கே அடுக்கினார்கள். ஒரு கல் ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும். முதலில் கால்கள் மறைந்தன, பிறகு கீபோர்ட், பிறகு ட்ரம்ஸ். 40 அடி உயரச் சுவரில் கடைசியாக ஓர் ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதற்குள்ளால் குழுவின் பாடகர் ரோஜர் வோட்டர்ஸின் முகம் தெரிந்தது. அவர் விடைபெறும் வரியைப் பாடி முடிக்க, அந்தக் கல்லையும் வைத்து அடைத்துவிட்டார்கள். இடைவேளை.

காசு கொடுத்து வந்தவன் முன்னால் வெறும் சுவரை நிறுத்திவிட்டு இடைவேளை விடுகிற துணிச்சல் எனக்குப் பிடித்துவிட்டது. இடைவேளை முடிந்த பிறகும் முதல் பாட்டுக்கு ஒருவரையும் காட்டவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் விடிய விடியப் பார்த்த நாட்டுக்கூத்தில் இருந்த அதே பொறுமை இது. ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டிலேயே சொல்கிறார்கள் என்று தெரிந்தால் 20 நிமிடம் ஒரு நீளமே இல்லை, அம்மா. இந்த வகை இசையில் ஜெத்ரோ டல் என்ற குழு 1972இல் ஒரு முழு இசைத்தட்டையும், இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரே பாட்டாகவே போட்டது.

என்னைக் குழப்பியது ‘அனதர் பிரிக் இன் த வோல்’ என்ற பள்ளிக்கூடப் பாட்டு. 1979 கிறிஸ்மஸுக்கு இங்கிலாந்தில் முதலிடத்தில் நின்ற பாட்டு, தெரியாதவர் இல்லை. இஸ்லிங்டன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோரஸோடு வந்தது. கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த ஆசிரியர் உருவம் பூதம் போல ஊதிப் பெருத்து, கண் எரிய, சுவருக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது. எங்கள் கணக்கு மாஸ்டர் நினைவுக்கு வந்து சிரித்தும்விட்டேன். ஆனால் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எங்களுக்குப் படிப்பு வேண்டாம் என்று தொண்டை கிழியப் பாடியபோது என் வாய் திறக்கவில்லை. படிப்புக்காகக் காணி விற்றவரின் மகன், நூலகம் எரிந்து மூன்று கிழமை ஆகாத நேரத்தில், அதை எப்படிப் பாடுவது? இதே பாட்டைத் தென்னாபிரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள், தங்களுக்குத் தரப்பட்ட மட்டமான கல்விக்கு எதிராகப் பாட, அந்த அரசு 1980இல் தடை செய்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவர்கள் கேட்டதும் நாங்கள் கேட்டதும் ஒன்றுதான். இன்றைக்கும் அந்தப் பாட்டு வானொலியில் போனால் நான் கூடப் பாடுவதில்லை, நிறுத்துவதும் இல்லை.

கடைசியில் சுவர் இடிந்து விழுந்தது. அட்டைதான் என்று தெரியும். இருந்தும் அந்த முழக்கத்தில் நெஞ்சு அதிர்ந்தது. புகை அடங்க, குழுவினர் அந்தக் குவியலுக்கு முன்னால் வரிசையாக நின்று, கையில் தூக்கி வாசிக்கும் சின்ன வாத்தியங்களோடு ஒரு எளிய பாட்டைப் பாடினார்கள். வோட்டர்ஸ் கையில் கிளாரினெட், கிற்றார்காரர் டேவிட் கில்மோர் கையில் மண்டலின். அவ்வளவு பெரிய ஆரவாரத்துக்குப் பிறகு அப்படி முடிப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

கணக்காளனாக ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. இந்த நிகழ்ச்சியின் செலவு பயங்கரம். லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க் பக்கம், டோர்ட்மண்ட், லண்டன் என நாலே இடங்களில், மொத்தம் 31 தரம்தான் போட முடிந்தது. கீபோர்ட் வாசித்த ரிக் ரைட்டைக் குழுவிலிருந்து ஏற்கனவே விலக்கியிருந்தார்கள். அவர் சம்பளத்துக்கு வாசித்தார். நட்டத்தைப் பங்காளிகள் மூவரும் தாங்க, கையில் காசோடு வீட்டுக்குப் போனவர் அவர் ஒருவர்தான். வகுப்பில் பங்குடைமைச் சட்டத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அந்த ஜூன் 17தான் கடைசி நிகழ்ச்சி. நான் போனது அதற்குச் சற்று முந்திய ஓர் இரவு. பிறகு நால்வரும் ஒரே மேடையில் நிற்க 2005 ஜூலை வரை, ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

கஞ்சா மணம் இருந்ததா என்று பெரியவர் கேட்பார். இருந்தது. எனக்கு முன் வரிசையிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு தகப்பன் தன் மகளைக் கூட்டி வந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காதோடு காதாகக் கதை சொல்லிக்கொண்டும் இருந்தார். என் பற்றிஸில் ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கியும் முழுவதையும் தின்று முடித்தாள்.

அந்தத் தாயாருக்கு: விடுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், ஆனால் முதலில் அவன் பார்க்கப்போகும் குழுவின் இசைத்தட்டை ஒரு தரம் அவனோடு இருந்து முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள். கதை தெரிந்தால் தலை இடிக்காது. காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், இரண்டு சோடி வாங்குங்கள். கடைசி ரியூப் ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், இந்தக் குழுக்களுக்கு நேரத்துக்கு முடிக்கிற பழக்கம் குறைவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
ஹரோ, லண்டன்