காற்றுக்காக நாள் ஒதுக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 1893ல் அமைக்கப்பட்ட அல்கோன்குவின் பூங்காவின் ஆகப் பெரிய ஏரி ஒபியோங்கோ. பரப்பளவு சுமார் 58 சதுர கிலோமீட்டர். தெற்கு, கிழக்கு, வடக்கு என மூன்று கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்த வழியாகக் கேனூ எனும் திறந்த துடுப்புப் படகில் நெடும்பயணம் போகிறவர்கள் உள்காட்டு ஏரிகளை எட்ட முதலில் இதைத்தான் கடக்கவேண்டும். எங்கள் குழு நல்லபடியாகக் கடந்து திரும்பியதற்குப் பின்னால் சிங்கப்பூரில் பலருடைய உழைப்பு இருக்கிறது. யார் என்ன செய்தீர்கள், அது எங்கே எப்படிப் பயன்பட்டது என்பதை விவரமாகச் சொல்லி நன்றி கூற விரும்புகிறோம். அடுத்துப் போகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, விடுப்பு கொடுத்த மேலாளர்களுக்கும் அந்த நாள்களில் எங்கள் வேலையையும் சேர்த்துச் செய்த சக ஊழியர்களுக்கும். பயணத்துக்கு வேண்டிய நாள்களோடு, காற்றுக்கென்று கூடுதல் நாள்களும் தந்தீர்கள். நீங்கள் தந்ததிலேயே பெரிய பாதுகாப்புச் சாதனம் அதுதான். "நாளை விமானத்தைப் பிடிக்கவேண்டுமே" என்ற நினைப்பு வந்துவிட்டால், நுரை பொங்கும் ஏரியிலும் படகை இறக்கத் துணிந்துவிடுவார்கள். பெரிய ஏரியில் நடக்கும் விபத்துகளுக்கு இந்த அவசரம் முக்கியமான காரணம்.

ஒபியோங்கோவில் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடாகும்போது மேலடுக்கின் வேகமான காற்று கீழே இறங்கும். நண்பகலுக்குப் பிறகு பலமாகும், மாலையில் அடங்கும். அதனால் விடியும் முன்பே கிளம்பி, பத்து மணிக்குள் திறந்த நீர்ப்பரப்பைத் தாண்டிவிடுவது நல்லது. அலையின் உயரம் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை. தடையில்லாமல் அது எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடி வருகிறது, எவ்வளவு நேரமாக வீசுகிறது என்பதையும் பொறுத்தது. வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று கொள்ளலாம். பரவலாகத் தெரிந்தால் 20ஐத் தாண்டிவிட்டது. சுமை ஏற்றிய திறந்த கேனூ அப்போது கரையில்தான் இருக்கவேண்டும். படகு இறக்கும் குடா ஒதுக்குப்புறமானது என்பதால் அங்கே தண்ணீர் அமைதியாகத் தெரியும். காற்று முதுகுப்பக்கம் இருந்தாலும் அலையின் வழவழப்பான பின்புறம்தான் கண்ணில் படும். இரண்டும் ஏமாற்றும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் பயிற்சி தந்த அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் அடுத்த நன்றி. கவிழ்ந்த படகை இன்னொரு படகால் மீட்கும் முறையை, கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கிவிட்டீர்கள். மீட்கும் படகு, கவிழ்ந்த படகின் ஒரு முனைக்குச் செங்குத்தாக வந்து நிற்கவேண்டும். தண்ணீரில் இருப்பவர்கள் மீட்கும் படகின் முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். கவிழ்ந்த படகைக் குப்புறக் கிடக்கும் நிலையிலேயே விளிம்புமேல் குறுக்காக இழுத்து, தண்ணீர் வடிந்ததும் நிமிர்த்தி, மறுபடி இறக்கவேண்டும். பிறகு இரண்டு படகுகளின் விளிம்புகளையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டால்தான் விழுந்தவர் ஏறமுடியும். மூட்டைகளை முதலில் கழற்றாவிட்டால் படகைத் தூக்கவே முடியாது. இங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் விழுந்தவர் சிரித்துக்கொண்டே ஏறுவார். அங்கே வசந்தகாலத் தண்ணீர் பனிக்கட்டி உருகிய தண்ணீர். மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம்: கடுங்குளிர் நீருக்கான இந்தக் கணக்கை நீங்கள் விடாமல் சொல்லிக்கொடுத்தீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது போதாது, பூட்டி அணிந்திருக்கவேண்டும் என்பதற்கு அந்த முதல் நிமிடமே காரணம்.

காலாங்கில் டிராகன் படகு விடும் நண்பர்களே, இருமுனைத் துடுப்பால் கயாக் பழகிய கைக்கு ஒருமுனைத் துடுப்பு புதிது. இடுப்பைத் திருப்பி முன்னால் எட்டி, துடுப்பை முழுக்க முக்கிய பிறகே இழுக்கவேண்டும் என்று ஒவ்வொருவராக நிறுத்தித் திருத்தினீர்கள். பின்னால் இருப்பவர் இழுப்பின் முடிவில் மேல்கைக் கட்டைவிரலைக் கீழே திருப்பித் தண்ணீரை வெளியே தள்ளும் ஜே-ஸ்ட்ரோக் படகை நேராக வைத்திருக்கும். ஆனால் எதிர்காற்றில் அது வேகத்தைக் குறைக்கும். அப்போது குரல் கொடுத்து இருவரும் ஒரே நேரத்தில் பக்கம் மாற்றிக்கொள்ள, குரலுக்கேற்ப ஒன்றாக இயங்கும் உங்கள் பழக்கம் கைகொடுத்தது. புலாவ் உபின் பக்கம் விசைப்படகுகள் கிளப்பும் அலைகளைச் சாய்வாக, 30 முதல் 45 பாகைக் கோணத்தில் ஏறப் பழக்கியவர்களுக்கும் நன்றி. நேராக மோதினால் முன்பக்கம் தண்ணீரை அள்ளும். பக்கவாட்டில் வாங்கினால் கவிழும்.

சிராங்கூன் சாலைத் தையற்கடை அக்காவைத் தனியாகக் குறிப்பிடவேண்டும். காற்றில் மண்டியிட்டுத்தான் துடுப்புப் போடவேண்டும்: பின்புறம் இருக்கையின் விளிம்பில் சாய்ந்திருக்க, முழங்கால்கள் இரண்டும் படகின் அடித்தளத்தில் அகலமாக ஊன்றியிருக்கவேண்டும். ஈரத்தில் முழங்கால் வழுக்கினால் அந்தப் பிடிப்பே போய்விடும். அக்கா, தண்ணீர் உறிஞ்சாத ஒரு சென்டிமீட்டர் தடிமன் நுரைத் தாளை உள்ளே வைத்து, அலமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத ரப்பர் வலையை அடியில் ஒட்டாமல் தைத்துத் தந்தார். பசை நனைந்தால் விட்டுவிடும், நூல் விடாது என்பது அவர் யோசனை. மூட்டைகளுக்கு 25 மில்லிமீட்டர் நைலான் பட்டையில் குட்டையான வார்களையும் தைத்தார். மூட்டையைக் கட்டுவதா, சும்மா வைப்பதா என்பதில் கேனூக்காரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குட்டை வாரில் கட்டுவதே எங்கள் தேர்வு. நீளக் கயிறு கவிழ்ந்தவர் காலைச் சுற்றும். விறைத்த விரலாலும் ஒரே அழுத்தில் திறக்கும் பெரிய பிளாஸ்டிக் கொக்கியைத் தேடிப் பிடித்தது அவர்தான்.

மூட்டை எதுவும் படகின் விளிம்புக்கு மேலே எழக்கூடாது. எதிர்காற்றில் சற்றே முன்பாரம், பின்காற்றில் சற்றே பின்பாரம். மாற்றி வைத்தால் காற்று படகைத் திருப்பிவிடும். உணவுப் பீப்பாயை ஒரு கை அளவு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

சுமையோடு மாடிப்படி ஏறி இறங்கியதைப் பொறுத்துக்கொண்ட புளோக்வாசிகளுக்கும், தார்ப்பாய் கட்டிப் பழகக் கீழ்த்தளத்தை அனுமதித்த வசிப்போர் குழுவுக்கும் நன்றி. ஒபியோங்கோவின் கிழக்குக் கையிலிருந்து டிக்சன் ஏரிக்குப் போகும் வழியில், படகைத் தோளில் சுமக்கும் பாதை ஒன்று 5 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் படிகள்தான் அதற்குத் தயார்செய்தன. தேக்காவில் வறுத்த ரவை, அவல், பருப்புப் பொடி எல்லாவற்றையும் பைகளில் பிரித்து அடைத்துக் கொடுத்தவர்களும் பேருதவி செய்தீர்கள்: பூங்காவின் உட்பகுதிக்கு டின்னும் போத்தலும் கொண்டுபோக அனுமதியில்லை. காற்றால் முடங்கும் நாள்களுக்கான உணவை வேறு நிறப் பையில் போட்டது அருமையான யோசனை.

ஏரிக்கரையில் படகு வாடகைக்குத் தந்தவர்கள் வரைபடத்தில் மேற்குக் கரையை ஒட்டிய வழியைக் காட்டினார்கள். தூரம் கூடுதல்தான், ஆனால் மேற்குக் காற்றுக்கு அந்தக் கரை மறைவு தரும். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்கும் பாத்திரம், விசில் மூன்றையும் கையில் எடுத்துச் சரிபார்த்த பிறகே படகைக் கொடுத்தார்கள். அந்நாட்டுச் சட்டமும் அவற்றைக் கேட்கிறது. காற்று விடாவிட்டால் கேனூவையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடக்கும் விசைப்படகுச் சேவை அங்கு உண்டு. அதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க நன்கொடை தந்த அன்பர்களே, அந்தத் தொகை கையில் இருந்ததால்தான் காத்திருக்கும் முடிவுகளை நிதானமாக எடுக்க முடிந்தது.

இங்கிருந்து எங்களைக் கண்காணித்த குடும்பத்தாருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். கோடையில் ஒண்டாரியோ சிங்கப்பூருக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மறுநாள் காலை எட்டு. துணைக்கோளக் கருவிவழி வரும் ஒற்றைவரிச் செய்திக்காகக் காலை வேலைகளைத் தள்ளிவைத்தீர்கள். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு யாரை அழைப்பது என்று எழுதிய தாளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தீர்கள்.

முழங்கால் மெத்தைகள், வார்கள், வழி குறித்த வரைபடம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பெரிய ஏரிக்குப் போகிற யாருக்கும் இரவல் தருகிறோம். திருப்பித் தரும்போது மெத்தைகளை நிழலில் நன்றாக உலர்த்திக் கொடுங்கள்; வெயிலில் போட்டால் அடியிலுள்ள ரப்பர் வலை உதிர்ந்துவிடும்.

நன்றியுடன்,
ஒபியோங்கோ சென்று திரும்பிய துடுப்புக் குழுவினர்
சிங்கப்பூர்