நாலு மணிக் கனவு

கோபி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள துரைசாமிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நாற்றங்கால் வேலையில் உடனே எழுத முடியவில்லை. ஆனால் நாலு நாளும் உன் கைதான் ஞாபகத்தில் இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு, தறியில் பையன் கை மாட்டிக்கொண்டதாக உனக்குக் கனவு. "மோட்டாரை நிறுத்துடா" என்று கத்தி, எட்டிப் பாய்ந்து சுவரில் குத்தியிருக்கிறாய். நடுவிரல் முட்டி தோலுரிந்து வீங்கிவிட்டது. போன மாதம் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, தோளில் ஒரு உதை. கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்று தங்கச்சி சொல்கிறதாம். கட்டட்டும், அதன் மனசுக்கு அது ஆறுதல். அதோடு நீ நின்றுவிடாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. மாடு முட்ட வருகிறது என்று தூக்கத்தில் காலை உதறுவார். கயிற்றுக் கட்டிலிலிருந்து ரெண்டு தடவை விழுந்தார். அம்மா திண்ணையில் தனியாகப் பாய் போட்டுக்கொண்டார். வேலை செய்த அசதி என்று நாங்கள் சிரித்தோம். ஏழெட்டு வருஷம் கழித்து, காபி டம்ளரை எடுக்கும்போது வலது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தூக்கத்தில் கை காலை வீசுவாரா?" எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி போவதில்லை. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதை எழுதினார்கள். அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்து, கருவி பொருத்திப் பார்த்தாராம். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்வார்கள். மூளை விழித்திருப்பது போலவே ஓடும். ஆனால் மூளையின் அடியில் இருக்கிற மூளைத்தண்டு தசைகளுக்குப் போகிற கட்டளையைத் தடுத்துவிடும். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மோட்டார் ஓடுகிறது, பெல்ட்டைக் கழற்றிவிட்டதால் தறி நிற்கிறது. உனக்கு அந்த பெல்ட் கழலுவதில்லை, அவ்வளவுதான்.

பிரான்ஸில் ஷுவே என்பவர் பூனைகளின் மூளைத்தண்டில் அந்தத் தடுப்பு இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. 1986இல் மினசோட்டாவில் ஷெங்க், மாஹோவால்ட் என்ற டாக்டர்கள் மனிதர்களிடமும் அதையே கண்டார்கள். ஐம்பது தாண்டிய ஆண்களிடம்தான் அதிகம்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று உன் அம்மிச்சி சொல்வாரே. அந்தக் கண் உருளும் கட்டம் முதல் சுற்றில் சில நிமிஷம்தான்; விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அதிலிருந்து நேராக விழிப்பதால் கனவு அப்படியே நினைவில் நிற்கிறது. உன் நாலு மணிக்கும் காரணம் அதுதான்.

ஏன் கனவு வருகிறது என்று கேட்டிருந்தாய். மூளைத்தண்டு தாறுமாறாகக் கிளப்பும் சைகைகளை மேல்மூளை கதையாக இழைக்கிறது என்று 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும் சொன்னார்கள். பகலில் பட்டதை, முக்கியமாகப் பயத்தை, மூளை ஒதுக்கிவைக்கிற வேலை அது என்கிறார்கள் வேறு சிலர். இன்னும் வாதம் தீரவில்லை. எனக்கு ரெண்டாவதுதான் மனசுக்குச் சரியாகப் படுகிறது. நீ முதலில் வேலை பார்த்த தறி குடோனில் அந்தப் பையன் கை மாட்டியபோது ஓடிப்போய் சுவிட்சை அமர்த்தியது நீதான். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒயர் ஒட்டித் தூக்கத்தைப் பதிவு செய்வார்கள். மூச்சு அடைக்கிற குறட்டையாலும், சில மனச்சோர்வு மாத்திரைகளாலும்கூட இப்படி வரலாம். அப்படி இல்லையென்றால், இது இருக்கிறவர்களில் நிறையப் பேருக்குப் பல வருஷம் கழித்து பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் மாதிரி நோய் வருகிறது. எல்லோருக்கும் அல்ல. உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை. கை வீசுவதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. அதுவரை சுவரை விட்டுத் தள்ளி, தரையில் மெத்தை போட்டுப் படு. தங்கச்சி வேறு கட்டிலில் படுக்கட்டும்.

வியாழக்கிழமையோடு இங்கே வேலை முடிகிறது. வெள்ளிக்கிழமை அவிநாசி வழி பஸ்ஸில் வந்து கருமத்தம்பட்டியில் இறங்குகிறேன். தங்கச்சியும் நம்மோடு டாக்டரிடம் வரட்டும். ராத்திரி நீ என்ன செய்கிறாய் என்பது உனக்குத் தெரியாது, அதற்குத்தான் தெரியும்.

உன்
வேலுச்சாமி