வெள்ளைக் கோப்பையில் இடியப்பம்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் புதுக் கண்ணாடிக்கென்று நீ அனுப்பிய காசு கிடைத்தது. அதில் கை வைக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கீழ் வாசல் படியில் தடுக்கி விழப் பார்த்தார். அந்திநேரம். சீமெந்துத் தரை, சீமெந்துப் படி. கண் பார்க்கக் கூட்டிப்போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தார். "கண்ணில் குறையில்லை, வயது போனால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு பார்க்கின்சன் இருக்கிறதென்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வெள்ளையில் கறுப்பை வாசிக்கிறவருக்குச் சாம்பலில் சாம்பல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா?

அப்புறம் இந்தச் சாப்பாட்டு விஷயம். வெள்ளைக் கோப்பை, வெள்ளை இடியப்பம், வெளிறிய சொதி. பாதியில் எழும்பிவிடுவார். பசியில்லை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் நீலக் கோப்பையில் வைத்தேன், வழித்துச் சாப்பிட்டார். குசினிக்குள் போய் நின்று அழுதேன், மகள்.

30 வருடம் உயர்தர உயிரியல் படிப்பித்தேன். பார்க்கின்சன் என்றால் நடுமூளையில் டோபமீன் என்ற இரசாயனத் தூதைச் சுரக்கும் கலங்கள் அழிவது என்று எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். விழித்திரையிலும் டோபமீன் சுரக்கிறது, இந்த நோயில் அங்கேயும் குறைகிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

2022 மின்வெட்டில் ஒருநாள் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, நினைவிருக்கிறதா? நம் வெள்ளவத்தை மாடியில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. ஒரு வீட்டு விளக்கு நாலு வீட்டுக்கு. யார் எந்த வீட்டில் கதைக்கிறார்கள் என்று பிரிக்க முடியாது. கரண்ட் வந்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

விழித்திரைக்குள் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து நரம்புக் கலங்களுக்கு நடுவே இடைவெளிச் சந்தி என்ற நுண்ணிய வாசல்கள் உண்டு. இரவில் அவை திறந்திருக்கும், கலங்கள் தங்கள் சைகைகளைக் கலந்துகொள்ளும். கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க அது உதவும், ஆனால் நுணுக்கம் போய்விடும். விடிந்து வெளிச்சம் பட்டதும் விழித்திரையின் அமக்ரீன் என்ற நரம்புக் கலங்களில் ஒருவகை டோபமீனை விடும். அந்தக் கலங்கள் சொற்பம்தான். ஆனாலும் டோபமீன் பக்கத்துக் கலத்தோடு நிற்காமல் தூரத்துக்கும் பரவும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பிடிக்கவென்றே கலங்களில் இருக்கும் வாங்கிகளில் ஒட்டி, கலத்துக்குள்ளே ஒரு இரசாயனத் தொடரைக் கிளப்பிவிடும். அதன் முடிவில் வாசல்கள் ஒடுங்கும். மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் கோல் கலங்களின் சைகை, பகலில் பார்க்கும் கூம்புக் கலங்களோடு கலப்பது குறையும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் கிடைக் கலங்களும் ஒன்றிலிருந்தொன்று விலகும். அப்போதுதான் விளிம்பு விளிம்பாகத் தெரியும். இரவில் மெலற்றோனின் என்ற ஓமோன் ஏறி டோபமீனை அடக்கும், மறுபடி கதவுகள் திறக்கும். நாள் தவறாமல் நம் கண்ணுக்குள் இது நடப்பதை நினைக்க எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

அப்பாவுக்கு அந்த டோபமீன் குறைவு. வெளிச்சம் இருந்தும் கதவுகள் சரியாகச் சாத்துப்படுவதில்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். கண்ணாடி வில்லை அதைச் சாத்தாது. உடலுக்குள் டோபமீனாக மாறும் லெவோடோபா குளிசை போட்ட பிறகு கொஞ்சம் தெளிகிறது என்கிறார், அது நம்பக்கூடியதுதான். நரம்பு வைத்தியரிடம் அடுத்த தவணையில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகிறேன்.

படி விளிம்புகளுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்தாயிற்று. நீலக் கோப்பை இன்னும் மூன்று வாங்கினேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வீடியோவில் கதைக்கும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாய். உன் முகம் அவருக்கு நிழலாகத்தான் தெரிகிறது. அதனால்தான் இரண்டு நிமிடத்தில் போனை என்னிடம் தருகிறார், உன்னோடு கதைக்க விருப்பமில்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது கதிரையைத் திருப்பிப்போட்டு, வெளிச்சம் முகத்தில் விழ இரு.

அன்புடன்,
அம்மா