கீழ்வீட்டுக்காரருக்காக விரித்த கம்பளம்

குயின்ஸ், நியூயார்க்
தை 8

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

அப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆடிப்பெருக்குக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அதில் கண்டிருந்தது. தொலைபேசியில் பேசுவது கணக்கில் சேராது என்று அப்பா சொல்வதும் நியாயந்தான். கூடத்துச் சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன். நானும் இரண்டு மாதமாகத் தரையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே மரப்பலகைத் தரை. மேலே நடந்தால் கீழ்வீட்டில் கேட்கும். அதனால் சமையலறை, குளியலறை நீங்கலாக 80 விழுக்காடு தரையைக் கம்பளத்தால் மூடவேண்டும் என்று இவ்வூர் வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டபோது நான் அதைப் படிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் தம்முடைய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்திருந்தார். உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த பெரியவர். இரவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் துடைப்பக்கட்டையால் கூரையில் மூன்று முறை தட்டுவார்.

மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான் அவர் வீட்டைப் பார்த்தேன். தரையில் மட்டுமல்லாமல் சுவரிலும் கம்பளம் மாட்டியிருக்கிறார். குளிர் சுவர் வழியாகத்தான் உள்ளே வருகிறதாம். ஒரு கம்பளத்தின் மூலையைத் திருப்பிக் காட்டினார். முன்புறத்துப் பூ முழுவதும் பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாகவே இருந்தால் கையால் நெய்தது, தனியாக வைத்துத் தைத்திருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் நெய்தது என்றார். பவானி ஜமக்காளத்தைப் பற்றி நான் சொன்னதை நெடுநேரம் கேட்டார். பிள்ளைகள் வேறு மாநிலத்தில் இருக்கிறார்களாம்.

என் அறை பதினாலுக்குப் பத்து, அதாவது 140 சதுர அடி. அப்பா, நம் கணக்கில் 144 சதுர அடியான ஒரு குழிக்கு நாலு சதுர அடி குறைவு! 112 சதுர அடி மூடியாகவேண்டும். இங்கே கம்பளத்தைப் பெரும்பாலும் பன்னிரண்டடி அகலச் சுருளாகச் செய்து அறுத்து விற்கிறார்கள். சுருளின் கடைசியில் மிஞ்சும் துண்டு மலிவாகக் கிடைக்கும். பன்னிரண்டுக்கு ஒன்பதில் ஒரு துண்டும், வாசலுக்கு மூன்றுக்கு இரண்டில் ஒரு மிதியடியும் வாங்கினேன்: 114. முழுவிலைக் கம்பளம் வாங்க முடியாமல் இல்லை. வீணாக எதற்கு என்றுதான். ஓரம் அடித்துக் கொடுக்கத் தனிக் கூலி கேட்டார்கள். தைக்கால் ஊர்க் கோரைப்பாயின் ஓரம் பிரிந்தபோது அம்மா சிவப்புத் துணியை மடித்து வைத்துத் தைத்தது நினைவுக்கு வந்தது. கோணி ஊசி வாங்கி, நாலு இரவு உட்கார்ந்து நானே தைத்துவிட்டேன். சுருண்டு நின்ற முனைகளை அரிசி மூட்டையை வைத்து அமுக்கினேன். அடியில் ஃபெல்ட் என்னும் தடித்த அமுக்குத்துணி விரிப்பும் போட்டேன். சத்தத்தை விழுங்குவது அதுதான் என்பது பெரியவர் சொன்ன யோசனை. இப்போது தட்டுவதில்லை. பழகிப்போனதோ என்னவோ, ஒன்பது மணிக்கு அந்தச் சத்தத்தை எதிர்பார்க்கிறேன்.

கட்டில் வாங்க நேரம் அமையவில்லை. கம்பளத்தின்மேலேயே படுத்துக்கொள்கிறேன், முதுகுக்கும் நல்லது. சென்ற வாரம் வெளியே பனி கொட்டிய இரவில், சித்திரை வெயிலில் கூடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தபின் வெறும் சிவப்புத் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்போமே, அந்தச் சில்லிப்பு நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது. இங்குள்ள சில்லிப்பு அப்படிப்பட்டதன்று.

ஆகையால் அப்பா, கூடத்துத் தரையைப் பெயர்க்காதீர்கள். முற்றத்தோரம் விரிசல் விட்ட இடத்தை மட்டும் ரெட் ஆக்சைடு கலந்து பூசி, நன்றாக ஆறவைத்து மெருகேற்றச் சொல்லுங்கள். டைல்ஸ்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் சின்னையா மூலம் பேசித் திரும்ப வாங்குங்கள். இம்மாதப் பணம் பத்து நாள் தாமதமாகும். வங்கியில் ஏதோ மாற்றம், வேறொன்றுமில்லை. சம்பா அறுவடையானதும் நெல்லை உடனே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றாதீர்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் சென்ற ஆண்டைப்போல் சாலையில் காத்துக் கிடக்க நேரும். களத்துக்குக் கிழியாத படுதா இரண்டு வாங்கிவிடுங்கள். செல்வியின் வளையலை மீட்பது நெல் விற்ற பணத்தில்தான் நடக்கவேண்டும்; வட்டியை மட்டும் கட்டித் தள்ளிப்போடவேண்டாம்.

பரணில் இருந்த பெரிய ஜமக்காளத்தைப் பெரியத்தை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்தோமே, திரும்பி வந்ததா? வராவிட்டால் அம்மாவையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அப்பா கேட்டால் வாய்த்தகராறாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்